சுத்தமான கணக்கு நோட்டு

ஆகஸ்ட் 12, திங்கள்

டைரி வாங்கி எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை. தினசரி காலண்டரில் அன்றன்றைக்குக் கிழிக்கிற தாளின் பின்பக்கம்தான் என் டைரி. தேதி, கிழமை, ராகு காலம், எந்த ராசிக்கு அலைச்சல் என்பதுவரை முன்பக்கத்தில் அவர்களே அச்சடித்துத் தந்துவிடுகிறார்கள். தேதி எழுதுகிற வேலை எனக்கு மிச்சம். இடம் போதாவிட்டால், எழுதாமல் விட்ட நாட்களின் தாளையும் சேர்த்து வைத்து ஒரு தையல் போட்டுவிடுவேன். தையல்காரிக்கு அதுகூட முடியாதா?

இன்று என் ராசிக்குப் 'பாராட்டு' என்று போட்டிருந்தது. பதினோரு மணிக்கு என் மகள் நித்திலாவின் கணக்கு டீச்சர் போன் செய்தார்.

"வீட்டுப்பாட நோட்டுல ஒரு தப்பு இல்லீங்க. கையெழுத்தும் அவ்வளவு சுத்தம். பரீட்சைப் பேப்பரைப் பாத்தா அம்பதுக்கு நாலு. எனக்கே ஒண்ணும் புரியலீங்க. பத்தாவதுங்க இது."

"பரீட்சைன்னா அவளுக்குப் பயமுங்க டீச்சர்," என்றேன்.

சாயங்காலம் பள்ளி விட்டு வந்தவளை வாசலிலேயே நிறுத்திக் கேட்டேன். "எண்ணெல்லாம் இடம் மாறி உக்காந்துக்குதும்மா," என்றாள். எண்ணுக்கு என்ன காலா முளைத்திருக்கிறது என்று திட்டினேன். அழவில்லை. பையை வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். அவள் அழாதபோதுதான் எனக்குக் கோபம் அதிகம் வருகிறது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

காலை ஐந்து மணிக்கு எழுப்பி ஏழாம் வாய்ப்பாடு. ஏழேழு வரை வந்து நின்றுவிட்டாள். நோட்டின் பின்னட்டையில் வாய்ப்பாடு அச்சடித்திருப்பதால் கேட்கிறவர்களுக்குச் சிரமம் இல்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

மெர்சி என்று ஒரு டீச்சர் வீட்டுக்கு வந்தார். படிப்பில் தடுமாறுகிற பிள்ளைகளுக்கென்று இருக்கிற சிறப்பாசிரியர். ஒரு நாளைக்கு ஒரு பள்ளிக்கூடம் என்று ஸ்கூட்டரில் சுற்றுகிறாராம். சொல்லாமல் கொள்ளாமல் வந்ததில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மணி ஆறரை, வீட்டுப்பாட நேரம். நித்திலா முன்னால் இருந்த நீல அட்டைப் புத்தகத்தை எடுத்து மெஷின் பெட்டிக்குள் போட்டு மூடிவிட்டுத்தான் கதவைத் திறந்தேன்.

வெட்டாத துணிகளை நகர்த்தி உட்கார இடம் செய்து கொடுத்தேன்.

"போன வாரம் நித்திலாகூட ஒரு மணி நேரம் உக்காந்து பாத்தேனுங்க," என்றார். "தமிழ்க் கட்டுரை எழுதினா நானே ரெண்டு தரம் படிக்கிறேன். அவ்வளவு நல்லா எழுதறா. எண்ணு மட்டும் பிடிபடலீங்க. இருபத்தியேழு பெருசா எழுபத்திரண்டு பெருசான்னு கேட்டா நின்னு யோசிக்கிறா. இது சோம்பேறித்தனம் இல்லீங்க. கணிதக் கற்றல் குறைபாடுன்னு சொல்லுவாங்க. பொறக்கும்போதே வர்றது."

"எம்புள்ளை மூளைக்கு ஒண்ணுமில்லீங்க டீச்சர்."

"ஒண்ணுமில்லைன்னுதானுங்க நானும் சொல்றேன். கண்ணு சரியில்லாதவங்களுக்குக் கண்ணாடி குடுக்கறமில்லீங்களா, அதாட்டம் இவளுக்கும் சிலது குடுக்கோணும்."

அப்புறம் விவரமாகச் சொன்னார். வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்யச் சொல்லி அடிக்கக் கூடாது. எழுதிக் கண்முன்னால் மாட்டிவிட வேண்டும். இருபது கணக்குக்குப் பதில் ஐந்து போதும். கட்டம் போட்ட நோட்டில் கட்டத்துக்கு ஓர் எண். பக்கம் முழுக்கக் கணக்கைப் பார்த்தால் மிரள்கிறாள், அதனால் ஓர் அட்டையில் சன்னல் வெட்டி ஒரு கணக்கு மட்டும் தெரியும்படி வைக்க வேண்டும். மாவட்ட ஆஸ்பத்திரியில் பரிசோதித்துச் சான்றிதழ் வாங்கினால், பொதுப் பரீட்சையில் கூடுதல் நேரமும் கேள்வியைப் படித்துச் சொல்ல ஓர் ஆளும் கேட்கலாமாம். அதற்கு ஒரு விண்ணப்பம் கொடுத்தார்.

எழுந்து போகிறபோது, "உங்க குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி இருக்குதுங்களா?" என்று கேட்டார். பால் பொங்குகிறது என்று உள்ளே ஓடினேன். அடுப்பே பற்றவைக்கவில்லை என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 22, வியாழன்

என் வீட்டுக்காரர் மில்லில் பகல் ஷிப்ட் முடித்து வந்ததும் விண்ணப்பத்தைக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "போயிட்டு வந்துரலாம், அதுல என்ன," என்றார். இவருக்கு எல்லாமே 'அதுல என்ன'தான்.

"நாளைக்கு மாப்பிள்ளை பாக்கறப்ப எவனாச்சும் இந்தச் சான்றிதழைக் கேட்டுட்டு வந்து நின்னா?"

"மாப்பிள்ளையா? அவளுக்குப் பதினஞ்சு வயசு, சுகந்தி. நீ பத்தாவது பாஸ் பண்ணினவ. ஒனக்கு எங்க தெரியும் அவ படற பாடு? நான் ஏழாவதுல கணக்குக்குப் பயந்து மதில் ஏறிக் குதிச்சு ஓடியாந்தவன். எனக்குத் தெரியும்."

குழம்புக்கு உப்புப் போட்டேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. எழுந்து போய்ப் பார்த்தேன். போட்டிருந்தேன்.

விண்ணப்பத்தைச் சுவர்க்கடிகாரத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன். முள் இல்லாமல் எண்ணாக எரிகிற கடிகாரம். நான்கைந்து வருடத்துக்கு முன் ஒருநாள் பழைய முள் கடிகாரத்தைக் கழற்றிவிட்டு இவராகவே வாங்கி வந்து மாட்டியது. பழையது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் 28, புதன்

அளவு ஜாக்கெட் இல்லாமல் நான் துணி வாங்குவதில்லை. தாராபுரத்தில் எனக்கு அந்தப் பெயர் உண்டு. டேப்பை வைத்து அளந்து, எண் எழுதி, அதைப் பார்த்து வெட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். உடம்பில் சரியாக நிற்கிற பழைய ஜாக்கெட்டைக் கொடுத்தால் அதைத் துணிமேல் விரித்து, சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டு, அப்படியே வெட்டிவிடுவேன். ஒரு நூல் பிசகாது.

அடுத்த தெரு சாந்தாமணி அக்கா மகளுக்கு ஆவணியில் கல்யாணம். பெண் பெங்களூரில் வேலை பார்க்கிறாள். அளவு ஜாக்கெட் அனுப்ப நேரம் இல்லையாம். போனில் எண்களாக அனுப்பியிருக்கிறாள். முடியாது என்றுதான் சொன்னேன். "அவளுக்கு அளவு சொல்லத் தெரியும் சுகந்தி, நீ தைக்க மாட்டியா?" என்று அக்கா கேட்டபோது சரி என்று வாயில் வந்துவிட்டது. ரோஷம்தான்.

ஆகஸ்ட் 31, சனி

பட்டுத் துணியை வெட்டி மேசையில் பரப்பியிருந்தேன். நித்திலா சாப்பிட வந்தவள் நின்று பார்த்தாள்.

"அம்மா, முன்கழுத்து ஏன் இத்தனை எறக்கம்?"

"அந்தப் புள்ளை கேட்டிருக்கு."

என் போனை எடுத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். இரண்டு எண்களின் மேலும் விரல் வைத்து வைத்து எடுத்தாள்.

"முன்கழுத்து ஆறு. பின்கழுத்துத்தான் ஒம்பது. நீ மாத்தி வெட்டிட்டே."

"விளக்கு வெளிச்சம் சரியில்லை."

"மத்தியானம் பன்னண்டு மணிக்கு என்னம்மா விளக்கு?"

ஆறும் ஒன்பதும் அப்படித்தானே, யாருக்கும் வரும். அவள் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து, மெல்லிய குரலில், "எனக்கும் இப்படித்தாம்மா ஆகுது," என்றாள். அதைச் சந்தோஷமாகச் சொன்னாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒன்பது அங்குலப் பள்ளத்தில் அதே நிறத்தில் வலைத்துணி வைத்து, ஜரிகைப் பூ ஒட்டி, கழுத்துவரை ஏற்றிவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். இரவுச் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டோம்.

செப்டம்பர் 2, திங்கள்

மெஷினுக்கு மேலிருந்த பல்பை மாற்றினேன்.

செப்டம்பர் 6, வெள்ளி

சாந்தாமணி அக்கா மகளுக்கு அந்த வலைத்துணிக் கழுத்து அவ்வளவு பிடித்துவிட்டதாம். அவளுடைய சிநேகிதிகள் மூன்று பேர் அதே போல வேண்டும் என்கிறார்கள். அளவு ஜாக்கெட் கொடுத்தால்தான் ஆகும் என்று சொல்லிவிட்டேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

காலாண்டுத் தேர்வில் கணக்கில் நூற்றுக்கு ஏழு. தமிழில் தொண்ணூற்றொன்று. தலைமையாசிரியை வரச் சொல்லியிருந்தார்.

அவர் கெட்டவர் இல்லை. எதிரில் உட்காரச் சொல்லி, மோர் கொடுத்து, பிறகுதான் விஷயத்தைச் சொன்னார். நவம்பர் கடைசியில் பொதுத் தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போகிறது. அதற்குள் சான்றிதழ் வந்தால் நித்திலா சலுகையோடு எழுதலாம். வராவிட்டால், இந்த வருடம் அவள் பெயரை அனுப்பாமல் இருப்பதுதான் அவளுக்கும் நல்லது, பள்ளிக்கும் நல்லது.

"டிசியை வாங்கிட்டு வீட்டுல இருந்து மெதுவா படிக்கட்டுங்க. பொறவு தனித்தேர்வரா எழுதிக்கலாம். தையல் வேற உங்ககிட்டயே இருக்குது."

தனித்தேர்வராக எழுதுகிறவர்கள் எத்தனை பேர் எழுதி முடித்தார்கள் என்று எனக்குத் தெரியும். முதல் தடவை போவார்கள். இரண்டாம் தடவையும் போவார்கள். மூன்றாம் தடவை அப்பா, கல்யாணம் பண்ணிவிடலாம் என்பார்.

நித்திலாவுக்குப் பதினொன்றாவதில் வரலாறு எடுத்துப் படிக்க வேண்டும். காலைக் கூட்டத்தில் செய்தி வாசிக்கிறவள் அவள்தான். அவள் வாசிக்கும்போது பின்வரிசைகூடப் பேசுவதில்லை என்று தலைமையாசிரியையே சொன்னார்.

என் மெஷினுக்கு எதிரில் இன்னொரு மெஷின் போட இடம் இருக்கிறது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த இடத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. துணி மூட்டையைத் தூக்கி அங்கே வைத்து அடைத்துவிட்டேன்.

அக்டோபர் 9, புதன்

கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து விண்ணப்பத்தை எடுத்துப் பூர்த்தி செய்தேன். பிறந்த தேதியை நித்திலாவை விட்டு ஆதாரைப் பார்த்துச் சொல்லச் சொன்னேன், எழுதிய பிறகு இருவருமாக ஒருமுறை சரிபார்த்தோம். 'குடும்பத்தில் வேறு எவருக்கேனும் இத்தகைய சிரமம் உண்டா' என்று ஓர் இடம். 'இல்லை' என்று எழுதினேன். எட்டாவதில் கையெழுத்துப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவள் நான். அந்த 'இல்லை'யும் நன்றாகத்தான் வந்திருக்கிறது.

அக்டோபர் 17, வியாழன்

மெர்சி டீச்சர் சொன்ன சன்னல் அட்டையைப் புடவை டப்பாவில் வெட்டினேன். ஓரம் பிசிறில்லாமல் நாலு பக்கமும் நாடா வைத்து ஒட்டிக் கொடுத்தேன். கழித்தல் வருகிற இடத்திலெல்லாம் சிவப்புப் பென்சில், கூட்டலுக்குப் பச்சை. கட்டம் போட்ட நோட்டு. தினமும் ஐந்தே ஐந்து கணக்கு, நடுவில் பத்து நிமிடம் மாடிக்குப் போய் நடந்துவிட்டு வர வேண்டும்.

முதல் கணக்குக்கே அரை மணி நேரம் ஆனது. ஆனால் இரண்டு தரம் அழித்து எழுதி, விடை வந்தது. கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒத்துப் பார்த்தோம். சரி. அவள் நம்பாமல் மறுபடியும் ஒத்துப் பார்த்தாள்.

துணியை மடித்துப் பின்னம் சொல்லித் தரலாம் என்று எனக்கு ஒரு யோசனை. பாதி, கால், அரைக்கால் என்று மடித்துக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, "இது எனக்குத் தெரியும்மா, இது துணி. இதையே நாலுக்கு மேல ஒண்ணுன்னு எழுதினா அப்பறம் தெரியறதில்லை," என்றாள். சரி என்று துணியை மடித்து வைத்தேன். ஏனென்றால் அவள் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது.

இது வீட்டு நோட்டு. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தனுப்புகிற நோட்டு வேறு. அது வழக்கம் போல ஆறிலிருந்து ஏழு.

அக்டோபர் 28, திங்கள்

தீபாவளி நெருக்கடி. முப்பது ஜாக்கெட் பாக்கி. எழுத நேரமில்லை.

நவம்பர் 6, புதன்

ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் நித்திலாவும்தான். பள்ளிக்கூட நோட்டுகளைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். எல்லா நோட்டுக்கும் புது அட்டை போட்டு எடுத்துப் போனேன். சுத்தமான நோட்டைப் பார்த்தால் நம்மை மரியாதையாக நடத்துவார்கள். கட்டம் போட்ட நோட்டு ஒரே அழித்தலும் திருத்தலுமாக இருந்ததால் அதை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.

உளவியல் பார்க்கிற பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. நித்திலாவைத் தனியாக உட்காரவைத்து ஒரு மணி நேரம் ஏதேதோ செய்யச் சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார். மேசையில் என் நோட்டுகள் விரிந்து கிடந்தன.

"எனக்கு ஒரு குழப்பமுங்க. நான் வெச்ச டெஸ்ட்ல அவளுக்கு ரொம்ப சிரமம் இருக்கு. ஆனா இந்த நோட்டுல இருபடிச் சமன்பாடு, தொடர் வரிசை எல்லாம் ஒரு தப்பில்லாம போட்டிருக்கா. ஜூன்ல இருந்து ஒரு தப்பு இல்லை. இப்படிப் போடற பொண்ணு பரீட்சையில எழுதலைன்னா அது பயமா இருக்கலாம், கவனக்குறைவா இருக்கலாம். குறைபாடுன்னு எழுதிக் குடுக்க நான் யோசிக்கோணும். வீட்டுல யாருங்க சொல்லித் தர்றீங்க?"

"நான்தானுங்க," என்றேன்.

நித்திலா என்னைப் பார்த்தாள்.

இருபதாம் தேதி மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் நாள் இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். கொடுவாய் ஊர் தாண்டியதும் நான்தான், "அங்க நீ ஏன் சொல்லலை?" என்று கேட்டேன்.

"சொன்னா உன்னையத் தப்பா நெனைப்பாங்கல்ல," என்றாள்.

நவம்பர் 7, வியாழன்

எழுதிவிடுகிறேன். இந்தத் தாளை யார் படிக்கப் போகிறார்கள்?

அந்த நீல அட்டைப் புத்தகம் கைடு. பாடப்புத்தகத்தில் இருக்கிற எல்லாக் கணக்குக்கும் படிப்படியாக விடை போட்டிருக்கும். ஆறாவதிலிருந்து வருடாவருடம் நான்தான் வாங்கித் தருகிறேன். ஆறிலிருந்து ஏழு வரை கதவைச் சாத்திவிட்டு அவள் அதைப் பார்த்து எழுதுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஜாக்கெட்டின் பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பேன். ஒரு வரி விட்டுப்போனாலும் கண்டுபிடித்துவிடுவேன். கணக்குத் தெரிந்து இல்லை; இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரியும். அதுதானே என் தொழில்.

நோட்டு நிறைந்திருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள் என்று அவளுக்கு நான்தான் சொன்னேன். என்னை யாரும் கேட்டதில்லை. பத்தாம் வகுப்புவரை என் நோட்டும் அப்படித்தான், பக்கத்துப் பெண்ணுடையதைப் பார்த்து எழுதியது. பரீட்சையில் மூன்று தடவை கணக்குப் போயிற்று. மூன்றாம் தடவை முடிந்ததும் அப்பா கல்யாணம் பேசினார். பையன் வீட்டாரிடம் நான் பத்தாவது பாஸ் என்று சொல்லிவிட்டார்கள். நானும் பதினெட்டு வருடமாக அதை மறுக்கவில்லை.

நவம்பர் 14, வியாழன்

குழந்தைகள் தின விழாவில் நித்திலா பேசினாள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். காகிதத்தைப் பார்க்காமல் பேசினாள். பக்கத்திலிருந்த அம்மா, "யார் வீட்டுப் புள்ளைங்க?" என்று கேட்டார். என் பிள்ளை என்று சொன்னேன். பட்டியலில் இவள் பெயர் இல்லாமல் போனால் அதற்குக் காரணமும் நான்தான் என்பதை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

நவம்பர் 19, செவ்வாய்

நாளை. பையில் கட்டம் போட்ட நோட்டை வைத்தேன். கைடையும் வைத்தேன். எடுத்துவிட்டு, மறுபடியும் வைத்தேன்.

நவம்பர் 20, புதன்

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய டாக்டர் ஒருவர், குழந்தைகள் டாக்டர், அன்றைக்குப் பார்த்த அந்தப் பெண். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததில் ஒரு வார்த்தைகூட ஞாபகம் இல்லை. கைடை எடுத்து மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் சுத்தமான நோட்டை விரித்து வைத்தேன்.

"இதைப் பாத்து எழுதினதுங்க இது. நான்தான் எழுத வெச்சேன். அந்த நோட்டு என்னுதுங்க. அவ கையால நான் எழுதினது. இவளோட நோட்டு இது," என்று கட்டம் போட்ட நோட்டைக் கொடுத்தேன்.

அந்தப் பெண் கட்டம் போட்ட நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பெரிய டாக்டரிடம் ஒரு பக்கத்தைக் காட்டி ஏதோ சொன்னார். "இது போதுமுங்க," என்றார் என்னிடம். அங்கேயே எழுந்து வந்திருக்கலாம். காரியம் முடிந்துவிட்டது. ஆனால் வலது கைப்பக்கம் நான் பூர்த்தி செய்த விண்ணப்பம் கிடந்தது. என்னுடைய 'இல்லை' தெரிந்தது. நாளை நித்திலாவுக்கு ஒரு பிள்ளை பிறந்து அதுவும் இப்படித் தடுமாறினால் அவளும் பால் பொங்குகிறது என்று உள்ளே ஓட வேண்டுமா?

"அதைக் கொஞ்சம் குடுங்க. ஒண்ணு தப்பா எழுதிட்டேன்," என்று வாங்கினேன். 'இல்லை'யை அடித்துவிட்டு மேலே 'தாய்க்கு' என்று எழுதினேன். இந்த முறை எழுத்துக் கோணலாக வந்தது.

மூன்று பேரும் அதை வாங்கிப் படித்தார்கள். அந்தப் பெண்தான் மெதுவாகக் கேட்டார், "ஏழும் எட்டும் எவ்வளவுங்க அக்கா?"

"வெரல் வேணுமுங்க," என்றேன்.

"பதினஞ்சும்மா," என்றாள் நித்திலா. பிறகு டாக்டரைப் பார்த்து, "சரிதானுங்களா? எனக்கும் சந்தேகந்தானுங்க," என்றாள்.

பெரிய டாக்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அப்புறம் நான் மட்டும் அழுதேன். அந்தப் பெண் எழுந்து வந்து, இது பல குடும்பங்களில் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ இருந்து பிள்ளைக்கும் வருவதுண்டு, உங்கள் காலத்தில் இதைக் கண்டு சொல்ல ஆள் இல்லை என்று ஏதேதோ சொன்னார். நான் பாதிதான் கேட்டேன். மூன்று தடவை போனது சோம்பேறித்தனத்தால் இல்லை என்று இந்த முப்பத்தாறு வயதில் ஒருவர் என்னிடம் சொல்கிறார். அதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 22, வெள்ளி

புதன்கிழமை சாயங்காலமே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நித்திலா விஷயத்துக்குத் தலையாட்டினார். பத்தாவது விஷயத்தைக் கேட்டதும் எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் பேச்சில்லை. 'அதுல என்ன' என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை.

இன்று காபி கொடுக்கும்போது, "பதினெட்டு வருசமா எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலையா?" என்று கேட்டார்.

"பயமுங்க."

"எனக்கா பயந்தே? நான் ஏழாவதுல ஓடியாந்தவன்." டம்ளரைக் கீழே வைத்தார். "அந்தக் கடிகாரத்தை எதுக்கு மாத்தினேன்னு நெனைச்சே? மணி என்னன்னு நான் கேட்டா நீ ஜன்னல் வழியா வெயிலைப் பாத்துச் சொல்லுவே. பத்தாவது பாஸ் ஆனவளுக்கு மணி பாக்கத் தெரியலைன்னா அதுல ஏதோ இருக்குதுன்னு தெரியும். என்னன்னு கேட்டு உன்னையச் சங்கடப்படுத்த வேண்டாம்னு விட்டுட்டேன்."

இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார். ஆனால் இட்லி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

நவம்பர் 28, வியாழன்

சான்றிதழ் திங்களன்றே வந்துவிட்டது. இன்று பெயர்ப்பட்டியல் போயிற்று. நித்திலா பெயர் இருக்கிறது. தலைமையாசிரியையே போன் செய்து சொன்னார். கணக்கு டீச்சரைப் பார்த்து நோட்டு விஷயத்தையும் சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு, இனிமேல் அவளுக்கு ஐந்து கணக்கு, அவள் போடுகிறதுதான், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை என்றார். வடிவியல் படமும் வரைபடமும் அவளுக்குக் கை வருகிறதாம். அதை நன்றாகப் பிடித்துக்கொண்டு, சின்னக் கேள்விகளில் கொஞ்சம் தேறினால் முப்பத்தைந்து தொட்டுவிடலாம் என்கிறார். தொடுவாளா என்று தெரியாது. பரீட்சைக் கூடத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி இருக்கிறது, அது தெரியும்.

தையல் மெஷின் ஒரு காலில் ஆடிக்கொண்டே இருந்தது. கைடை அதற்கு அடியில் கொடுத்தேன். இப்போது ஆடவில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

சாயங்காலம் நித்திலா கணக்கு நோட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். பெற்றோர் கையொப்பம் வேண்டுமாம். இது வரைக்கும் நூறு தடவை போட்டிருப்பேன், போடும்போது பிரித்துப் பார்த்ததுகூட இல்லை. எனக்குத்தான் உள்ளே இருப்பது தெரியுமே.

இன்று பிரித்துப் பார்த்தேன். பக்கம் முழுக்க அழித்த கறை. ஓர் இடத்தில் ரப்பர் தேய்த்துத் தாளே கிழிந்திருந்தது. ஐந்து கணக்கு. டீச்சரின் சிவப்பு மையில் மூன்று பெருக்கல் குறி, இரண்டு சரி. விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன். மறுபடியும் ஒருமுறை எண்ணினேன். இரண்டுதான்.

"திட்டப் போறியாம்மா?" என்றாள்.

"இந்த ரெண்டும் நீ போட்டதா?"

"அந்த மூணுங்கூட நான் போட்டதுதாம்மா," என்றாள்.

கையெழுத்துப் போட்டேன். பக்கத்தில் தேதி எழுத வேண்டும் என்றாள். காலண்டரைப் பார்த்து நான் எழுதினேன், அவள் சரிபார்த்தாள்.